பழகிய கப்பலும் பழைமைப் பற்றும்

பயணம் என்பது புதுமையை நாடிச் செய்வது. காணாத ஊரைக் காணவும், கேளாத மொழியைக் கேட்கவும், பழகாத மனிதரோடு பழகவுமே மனிதன் வீட்டை விட்டுப் புறப்படுகின்றான். அவ்வாறு புறப்பட்டவன், ஆண்டுதோறும் ஒரே நிறுவனத்தின் கப்பலில், ஒரே வகையான அறையில், இயன்றால் சென்ற ஆண்டு அமர்ந்த அதே மேசையில் அமர விரும்புகின்றான் என்றால் அது வியப்புக்குரியதன்றோ? மேலைநாட்டு உல்லாசப் பயணக் கப்பல்களில் இவ்வியப்பு அன்றாட நிகழ்ச்சியாக உள்ளது. ஒரே நிறுவனத்தின் கப்பல்களில் பத்து முறை, இருபது முறை பயணம் செய்தோர் அங்கே பலர் உளர். வேறொரு நிறுவனம் குறைந்த கட்டணம் காட்டி அழைத்தாலும் அவர்கள் எளிதில் அசைவதில்லை.

இப்பற்று எங்கிருந்து பிறக்கின்றது? வணிகர் விரித்த வலையில் விழுந்தவர்களின் மயக்கம் இது என்பர் சிலர். முதியோரின் பழக்கம், வேறொன்றுமில்லை என்பர் வேறு சிலர். இவ்விரண்டும் அரை உண்மைகளே என்பது என் கருத்து. இப்பற்றின் உள்ளே மெய்யான மனிதப் பண்பு ஒன்று இருக்கின்றது. அப்பண்பைக் கண்டுகொண்ட வணிகம் அதற்கு விலைச்சீட்டு ஒட்டியும் இருக்கின்றது. எது பண்பு, எது சரக்கு என்று பிரித்தறிவது கப்பல் ஏறுவோர்க்கு மட்டுமன்றி நமக்கும் பயன் தரும்.

இதனை அளக்கத் தமிழில் நல்லதோர் அளவுகோல் உண்டு. திருக்குறளில் நட்பு என்பது 79ஆம் அதிகாரம். அதன்பின் நட்பாராய்தல் 80, பழைமை 81, தீ நட்பு 82. இவ்வரிசையே ஒரு பாடம். நட்பு பிறந்தவுடன் அது பழைமை ஆகிவிடுவதில்லை. இடையே ஆராய்தல் வேண்டும். பழைமை ஆன பின்னரும் தீ நட்பு பற்றிய எச்சரிக்கை உடன் நிற்கின்றது. கப்பற் பயணிகளின் பற்றையும் இவ்வரிசையில் வைத்து நோக்குவோம்.

உயிருக்கு உறுதி தந்த பெயர்

இன்று பெயர் பெற்று விளங்கும் பயணிகள் கப்பல் நிறுவனங்களுள் மிகப் பழையவற்றுள் ஒன்று கியூனார்டு. இன்றைய கனடா நாட்டின் ஹாலிஃபாக்ஸ் நகரில் பிறந்த சாமுவேல் கியூனார்டு, அட்லாண்டிக் கடலைக் கடந்து அஞ்சல் கொண்டு செல்லும் ஒப்பந்தத்தைப் பிரிட்டிஷ் அரசிடம் பெற்றார். 1840ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் அவருடைய 'பிரித்தானியா' என்ற நீராவிக் கப்பல் லிவர்பூலை விட்டுப் புறப்பட்டு, ஹாலிஃபாக்ஸ் வழியாக இரு வாரங்களில் பாஸ்டன் நகரை அடைந்தது.

அக்கப்பலில் சொகுசு ஒன்றும் இருக்கவில்லை. ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1842இல் அதில் பயணம் செய்து, தம் அறையின் குறுகலை எள்ளி நகையாடி எழுதினார். நாடு திரும்பும்போது பாய்மரக் கப்பலையே தேர்ந்தார். ஆனால் கியூனார்டு வேறொன்றில் கருத்தூன்றியது. வேகத்திலும் பகட்டிலும் போட்டியிடாமல், பாதுகாப்பே முதன்மை என்று அது கொண்டது.

இதன் பயன் விரைவில் வெளிப்பட்டது. 1850இல் அமெரிக்காவின் காலின்ஸ் நிறுவனம் போட்டிக்கு வந்தது. அதன் கப்பல்கள் கியூனார்டின் கப்பல்களைவிட விரைவானவை; உள்ளே அலங்காரம் மிகுந்தவை. பயணிகள் அப்பக்கம் திரும்பினர். 1854இல் அந்நிறுவனத்தின் 'ஆர்க்டிக்' கப்பல் மூடுபனியில் வேறொரு கப்பலோடு மோதி மூழ்கியது. அதிலிருந்த பெண்களிலும் குழந்தைகளிலும் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. 1856இல் 'பசிபிக்' என்னும் கப்பல் சுவடின்றி மறைந்தது. அரசு உதவித்தொகையும் குறைய, 1858இல் காலின்ஸ் நிறுவனம் மூடப்பட்டது. மெதுவாகச் சென்ற கியூனார்டோ நிலைத்தது.

ஆகவே கப்பற் பற்றின் முதல் வேர் நம்பிக்கை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடலைக் கடந்த காலத்தில், சொன்ன நாளில் புறப்பட்டுச் சொன்ன துறையில் பத்திரமாகச் சேர்க்கும் என்ற உறுதியே ஒரு பெயரைப் போற்றச் செய்தது. இது ஆராய்ந்து கொண்ட நட்பு. இதனை மயக்கம் என்று எவரும் கூற இயலாது.

விமானம் வந்த பின்னர்

1958ஆம் ஆண்டு அக்டோபரில் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக் கடலைக் கடந்து பயணிகளை ஏற்றிச் செல்லத் தொடங்கின. பல நாள் வழி சில மணி நேரமாகச் சுருங்கிற்று. அதன்பின் பத்தாண்டுக்குள் பெருங்கப்பல்கள் ஒவ்வொன்றாக ஓய்வு பெற்றன. 'குயின் மேரி' 1967இல் கலிபோர்னியாவின் லாங் பீச் துறையில் நிலையாகக் கட்டப்பட்டது. 1969இல் கடலுக்கு வந்த 'குயின் எலிசபெத் 2' கடலைக் கடக்கவும், சுற்றுலாவுக்கும் என இரு பயனுக்கு உரியதாக அமைக்கப்பட்டது. 2008 வரை உழைத்த அக்கப்பல் துபாயை அடைந்து, 2018 முதல் மிதக்கும் விடுதியாக விளங்குகின்றது.

இம்மாற்றத்தின் பொருளை நாம் கருத வேண்டும். ஊர் சேர்வதற்கு இனிக் கப்பல் தேவையில்லை. ஏறுகின்ற ஒவ்வொருவரும் விரும்பியே ஏறுகின்றனர். கரையில் ஆயிரம் விடுதிகள் இருக்க, வானில் நூறு விமானங்கள் பறக்க, கப்பலையே நாடி, அதிலும் ஒரே நிறுவனத்தை நாடி வருவோரின் பற்றுக்கு அச்சத்தைக் காரணம் காட்ட முடியாது. வேறு காரணம் தேட வேண்டும்.

பெயர் சொல்லி அழைக்கும் பணியாளர்

அக்காரணம் பளிங்கு மண்டபத்திலோ நீச்சல் குளத்திலோ இல்லை. ஒரு நிறுவனத்தின் கப்பலில் உள்ள வசதி ஏறத்தாழ எல்லாமே மற்றொன்றிலும் உண்டு. வேறுபடுத்துவன இரண்டு: ஒன்று, பழகிய ஒழுங்கு, மற்றொன்று, தன்னை அறிந்த மனிதர்.

ஒழுங்கு என்பதற்குக் கியூனார்டு கப்பல்களையே சான்றாகக் கொள்ளலாம். பிற்பகலில் வெண்கையுறை அணிந்த பணியாளர் தேநீர் பரிமாறுவது அங்கே மரபு. சில மாலைகளில் விருந்துடை அணிந்தே உணவுக்கூடம் செல்ல வேண்டும் என்பது நடைமுறை. 2004இல் கடலுக்கு வந்த 'குயின் மேரி 2' கப்பலில் ஆயிரக்கணக்கான நூல்கள் கொண்ட நூலகம் உண்டு. நாய் பூனைகளை அழைத்து வருவோர்க்குத் தனிக்கூடம் உண்டு. அந்நாய்களுக்கென லிவர்பூல் நகரத்து விளக்குக் கம்பம் ஒன்றையும் நியூயார்க் நகரத்துத் தீயணைப்புக் குழாய் ஒன்றையும் அங்கே நட்டிருக்கின்றனர்! இவற்றைக் கண்டு நகைப்போர் நகைக்கலாம். ஆனால் இச்சிறு வழக்கங்களே பயணியின் உள்ளத்தில் 'இது என் இடம்' என்ற உணர்வை ஊன்றுகின்றன. துறைமுகம் நாள்தோறும் மாறுகின்றது, கப்பல் மாறுவதில்லை. புதுமை வெளியே, பழைமை உள்ளே. இவ்விரண்டும் ஒருங்கே கிடைப்பதுதான் கப்பற் பயணத்தின் தனி இன்பம் எனலாம்.

ஒழுங்கினும் வலியது அறிமுகம். மரபான முறையில் ஒரு பயணிக்கு ஒரு மேசையும் ஒரு பரிமாறுபவரும் பயணம் முழுவதற்கும் ஒதுக்கப்படுவது வழக்கம். தேநீருக்குச் சர்க்கரை வேண்டாம் என்பதையும், காரம் ஒவ்வாது என்பதையும், முழங்கால் வலியால் சுவரோர இருக்கையே வேண்டும் என்பதையும் இரண்டாம் நாளே அப்பணியாளர் அறிந்துகொள்கின்றார். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா ஆகிய நாடுகளிலிருந்து வந்த இளைஞர்களே இப்பணியில் மிகுதி. அடுத்த ஆண்டு அதே முகத்தைக் கண்டு, பெயர் சொல்லி அவர் வரவேற்கும்போது பயணியின் உள்ளம் நெகிழ்கின்றது.

மீண்டும் மீண்டும் கப்பல் ஏறுவோருள் முதியோர் பலர். துணையை இழந்தவர்கள், பிள்ளைகள் தொலைவில் வாழ்பவர்கள் அவருள் உண்டு. வீட்டில் உணவு மேசையில் எதிரே ஆளில்லாதவருக்குக் கப்பலில் ஒரு மேசை காத்திருக்கின்றது. 'இன்று ஏன் தாமதம்?' என்று கேட்க ஒருவர் இருக்கின்றார். ஆடம்பரத்தை நாடிச் செல்கின்றனர் என்று இவர்களைக் குறை கூறுதல் எளிது. அவர்கள் நாடுவது விசாரிப்பை. கூட்டுக் குடும்பமும் அண்டை அயலாரும் இலவசமாகத் தந்து வந்த ஒன்றை அவர்கள் கட்டணம் கொடுத்துப் பெறுகின்றனர் என்பதே உண்மை.

பதக்கமும் படிநிலையும்

இந்த உணர்வை வணிகம் நன்கு அறியும். ஏறிய பயணியை மீண்டும் ஏற்றுவதற்கு விளம்பரச் செலவு குறைவு. கப்பல் புறப்பட்ட பின் காலியாகக் கிடக்கும் அறையால் வருவாய் இல்லை, செலவோ குறைவதில்லை. ஆதலின் பயணம் நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்த பயணத்துக்கு முன்பணம் பெறும் மேசை ஒன்றைக் கப்பலிலேயே அமைத்திருக்கின்றனர். இன்பத்தின் உச்சியில் இருப்பவனிடம் இன்னொரு முறை இன்பத்தை விற்பது எளிதல்லவா?

இதற்கு மேலும் ஒரு படி சென்று, பற்றுக்குப் பதவி வழங்கும் முறையை உண்டாக்கினர். 1873இல் தோன்றிய ஹாலந்து அமெரிக்கா நிறுவனம், கடலில் கழித்த நாட்கள் 100, 300, 500, 700 என உயர உயர, வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம் எனப் பதக்கங்கள் வழங்கி வந்துள்ளது. ராயல் கரீபியன் நிறுவனம் ஓர் இரவுக்கு ஒரு புள்ளி என்ற அடிப்படையில் கணக்கிட்டு, 700 புள்ளி பெற்றோரை உச்சப் படியில் வைத்தது. உயர்படியினர்க்கு முதலில் கப்பலேறும் உரிமை, தனிக்கூடம், சலுகை என வரிசையாக உண்டு.

பதக்கம் பெறுவதில் தீங்கில்லை. ஆயினும் பதவி வந்தபின் பற்றின் தன்மை மாறிவிடுகின்றது. 'இக்கப்பல் நன்று, ஆகவே வருகின்றேன்' என்ற நிலை போய், 'இதுவரை சேர்த்த படியை இழக்கலாகாது, ஆகவே வருகின்றேன்' என்ற நிலை உண்டாகின்றது. முன்னது நட்பு; பின்னது கட்டு.

அக்கட்டின் மறுமுனை யார் கையில் இருக்கின்றது என்பது 2025இல் தெரிந்தது. கார்னிவல் நிறுவனம், கப்பலில் கழித்த நாட்களைக் கொண்டு படிநிலை வழங்கும் முறையைக் கைவிட்டு, 2026 ஜூன் முதல் செலவிட்ட தொகையைக் கொண்டே படிநிலை வழங்கப் போவதாக அவ்வாண்டு அறிவித்தது. நீண்ட நாள் பயணிகள் பலர் மனம் புழுங்கினர். சிறுகச் சிறுகச் சேமித்து ஆண்டுக்கொரு முறை மலிவான அறையில் வந்தவரும், ஒரே பயணத்தில் பெருந்தொகை செலவிடுபவரும் இனி ஒரே தராசில் நிறுக்கப்படுவர். அத்தராசின் எடைக்கல் பணம் ஒன்றே. நாட்களை எண்ணியபோதாவது மனிதன் தந்த காலத்துக்கு மதிப்பிருந்தது.

மற்றொன்றும் எண்ணத் தக்கது. கியூனார்டே சிறந்தது என்று வாதிடுவோரும், ஹாலந்து அமெரிக்காவே சிறந்தது என்று மறுப்போரும், பிரின்சஸ், பி அண்டு ஓ ஆகியவற்றைப் புகழ்வோரும் இறுதியில் ஒரே கல்லாவில்தான் பணம் செலுத்துகின்றனர். இந்நான்கும் கார்னிவல் குழுமத்துக்கே சொந்தமானவை. கியூனார்டு கப்பல்களின் பதிவுத் துறைமுகமும் 2011இல் சவுத்தாம்ப்டனிலிருந்து பெர்முடாவின் ஹாமில்டனுக்கு மாற்றப்பட்டது. பெயர் பழையது, உடைமையும் கொடியும் புதியவை. அப்படியானால் பயணி எதன்மீது பற்று வைத்திருக்கின்றான்?

இறந்து பிழைத்த பெயர்

இவ்வினாவுக்கு விடை தருவது கிரிஸ்டல் நிறுவனத்தின் வரலாறு. ஜப்பானியக் கப்பல் நிறுவனமான நிப்பான் யூசென் கைஷாவால் 1988இல் தொடங்கப்பட்ட அது, 2015இல் ஹாங்காங்கைச் சேர்ந்த கெண்டிங் குழுமத்துக்குக் கைமாறியது. கொரோனாத் தொற்றால் உலகின் கப்பல்கள் எல்லாம் 2020இல் நின்றபோது அக்குழுமம் கடனில் மூழ்கியது. 2022 ஜனவரியில், எரிபொருள் கடனுக்காகக் கப்பலைக் கைப்பற்றுமாறு அமெரிக்க நீதிமன்றம் ஆணையிட, பயணிகளோடு மயாமிக்கு வந்துகொண்டிருந்த 'கிரிஸ்டல் சிம்பொனி' திசை திரும்பிப் பகாமாசின் பிமினித் தீவுக்குச் சென்றது. பயணிகள் வேறு படகில் ஏற்றிக் கரை சேர்க்கப்பட்டனர். நிறுவனம் வீழ்ந்தது.

அதே ஆண்டில் ஏபர்குரோம்பி அண்டு கெண்ட் நிறுவனத்தைச் சார்ந்த குழுமம் அப்பெயரையும் இரு கப்பல்களையும் விலைக்கு வாங்கி, 2023இல் மீண்டும் கடலில் விட்டது. அவர்கள் செய்த அறிவார்ந்த செயல், முன்னாள் பணியாளர்களைத் தேடி அழைத்து மீண்டும் பணியில் அமர்த்தியதே. பழைய பயணிகளின் உறுப்பினர் வரிசையையும் மதித்து ஏற்றனர். உடைமையாளர் மாறினர், கப்பலின் உட்புறம் மாறியது, ஆயினும் பழைய பயணிகள் திரும்பி வந்தனர். அறிந்த முகங்கள் படிக்கட்டின் தலைப்பில் நின்றதே அதற்குப் பெருங்காரணம் என்பேன். பற்று பெயர்ப்பலகையில் இல்லை. பணியாளரிடத்தில்தான் இருக்கின்றது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

தூத்துக்குடி காட்டிய பற்று

கப்பற் பற்று மேலைநாட்டுச் செல்வர்க்கே உரியது என்று எண்ணிவிட வேண்டா. 1906ஆம் ஆண்டு வ.உ.சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியபோது நம் மண்ணிலும் அது தோன்றியது. பங்கொன்று 25 ரூபாயாக 8000 பங்குகளை வாங்கி இரண்டு இலட்சம் ரூபாய் அளித்தவர் ஹாஜி முகமது பக்கீர் சேட் என்பதைப் பெரியோர் அறிவர். அதுவரை கொழும்புத் தடத்தில் கோலோச்சிய பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனம் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. பின்னர் இலவசமாகவே ஏற்றிச் செல்ல முன்வந்தது. குடையும் கொடுத்தது என்பர். இலவசத்தை மறுத்து, காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறியவர்களின் பற்றுக்குப் பதக்கமில்லை, படிநிலையில்லை. சிதம்பரனார் 1908இல் சிறைப்பட, 1911இல் நிறுவனம் கலைக்கப்பட்டது. பற்று மட்டும் ஒரு நிறுவனத்தைக் காத்துவிட முடியாது என்ற கசப்பான பாடமும் அதில் உண்டு.

வென்ற நிறுவனம் 1914இல் பி அண்டு ஓ நிறுவனத்தோடு இணைந்தது. அதன் 'ரஜூலா' கப்பல் 1926 முதல் 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என ஓடியது. மேல்தட்டில் பாய் விரித்துச் சென்ற நம் சபுராளிகளுக்கு அதை விட்டால் வேறு வழி அரிது. அவர்கள் அக்கப்பலை அன்போடு நினைவுகூர்ந்தது உண்மை. எனினும் தேர்வு இல்லாத இடத்தில் அது நினைவு, பற்று அன்று. பற்று என்பது வேறு வழி திறந்திருக்கும்போது வெளிப்படுவது.

பற்றின் இலக்கு யார்?

ஆகவே என் முடிவு இது. பயணியின் பற்று மெய்யானது. அதனை எள்ளுதல் தகாது. ஆனால் அது சேர வேண்டிய இடத்தைச் சேர்கின்றதா என்று ஆராய வேண்டும். பெயர் சொல்லி அழைத்தவர் பணியாளர்; பற்றின் பயனைப் பெறுபவர் பங்குதாரர். அப்பணியாளர் ஆறு முதல் பத்து மாதம் வரை வீடு காணாமல் உழைப்பவர். 2006இல் இயற்றப்பட்டு 2013இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, வாரத்தில் உச்ச வேலை நேரம் 72 மணி என வரையறுக்கவோ, குறைந்தது 77 மணி ஓய்வு என வரையறுக்கவோ நாடுகளுக்கு இடம் தருகின்றது. பின்னதைக் கைக்கொண்டால் வாரத்துக்கு 91 மணி நேர வேலையும் சட்டத்துக்கு உட்பட்டதே ஆகும்! நம் தேநீரில் சர்க்கரை வேண்டாம் என்பதை நினைவில் வைத்திருப்பவரின் ஓய்வு நேரத்தை நாம் நினைவில் வைத்திருக்கின்றோமா? இவ்வினாவைத் தம் நிறுவனத்திடம் கேட்கும் வலிமை நீண்ட நாள் பயணிகளுக்கே உண்டு. முதல் முறை வருபவன் கேட்டால் முறையீடு. ஐம்பதாம் முறை வருபவர் கேட்டால் அது உரிமை. பழைமை தரும் உரிமையைச் சலுகை பெறுவதற்கு மட்டும் பயன்படுத்தினால் அது வீண்.

மாணவர்களே, நாளை நீங்கள் வணிகம் செய்யலாம், நிறுவனங்களை நடத்தலாம். வாடிக்கையாளரைக் கட்டி வைக்கும் உத்திகள் பல உங்களுக்குக் கற்பிக்கப்படும். அட்டையும் புள்ளியும் பதக்கமும் ஓரளவுக்குத்தான் இழுக்கும். வாயிலில் நிற்பவர் முகமலர்ச்சியோடு நிற்க வேண்டுமானால் அவருக்கு ஊதியமும் ஓய்வும் மதிப்பும் தர வேண்டும். கல்வி நிலையங்களுக்கும் இது பொருந்தும். தந்தை படித்த கல்லூரியில் மகனையும் பேரனையும் சேர்க்கும் குடும்பங்கள் கட்டடத்தைக் கண்டு சேர்ப்பதில்லை. பெயர் சொல்லி அழைத்த ஆசிரியரை எண்ணியே சேர்க்கின்றன.

பெரியோர்களே, பற்று வைப்பது நம் பண்பு. வைத்த பற்றை அவ்வப்போது ஆராய்வதும் நம் கடமை. நட்புக்கும் பழைமைக்கும் இடையே ஆராய்தல் என்ற ஓர் அதிகாரம் நிற்பதை மறவாதிருப்போம்.